முப்பத்திரண்டு பேருக்கு சாண்ட்விச்: எந்தக் கடையில் சொல்வது?

எங்கள் அடுக்ககத்தில் சங்கக் கூட்டம் என்றால் சமோசாவும் காபியும்தான். போன வருஷம் இளவட்டங்கள் சேர்ந்துகொண்டு, எண்ணெய்ப் பலகாரம் போதும், சாண்ட்விச் வாங்கலாம் என்றார்கள். பொருளாளர் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. பக்கத்தில் ஒரு பேக்கரியில் முப்பது சாண்ட்விச் சொன்னேன். ஆறு மணிக் கூட்டத்துக்கு மூன்று மணிக்கே பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. பரவாயில்லையே, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டார்களே என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

ஆறரைக்குத் திறந்தால், மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர். பிரெட் நடுவில் குழைந்து கிடந்தது. முக்கோணத்தின் முனையைப் பிடித்துத் தூக்கினால் முனை மட்டும் கையோடு வந்தது, மீதி பெட்டியிலேயே தங்கிவிட்டது. மூன்றாம் மாடி ஜெயின் வீட்டுக்கென்று வெங்காயம் இல்லாமல் ஆறு தனியாகச் சொல்லியிருந்தேன். எந்தப் பெட்டியில் அது இருக்கிறது என்று எழுதியனுப்பவில்லை. அந்த வீட்டுப் பாட்டி காபியை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் கடையில் போய்க் கேட்டேன். "காலையிலதான் சார் போட்டது, ஃப்ரெஷ்ஷு" என்றார் கல்லாவில் இருந்தவர். சாயங்காலத்துக்குக் காலையிலேயே போட்டதுதான் குறை என்பதை அவருக்கு விளக்க என்னால் முடியவில்லை.

இந்த வருஷமும் சாண்ட்விச்தான் என்று தீர்மானம் ஆகிவிட்டது. ஞாயிறு மாலை, முப்பத்திரண்டு பேர், ஐயாயிரம் ரூபாய்க்குள். நாங்கள் இருப்பது புரசைவாக்கம். குழந்தைகள் ஏழு பேர், சர்க்கரைக்காரர்கள் ஆறேழு பேர், ஜெயின் வீட்டார் ஆறு பேர், கோழி இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் கல்லூரிப் பையன்கள் மூன்று பேர். இம்முறை போட்டோவைப் பார்த்து ஏமாறாமல் நானே கடை கடையாகப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். மூன்று வாரம் ஆனது. இடுப்புச் சுற்றளவைப் பற்றி இங்கே பேச்சில்லை.

போன இடமெல்லாம் ஒரே இரண்டு கேள்வி கேட்டேன். ஜெயின் வீட்டாருக்காக, வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாமல் போட முடியுமா? மயோனைஸில் முட்டை உண்டா? ருசி அவரவர் நாக்கு. ஆனால் இந்த இரண்டு கேள்விக்கும் என்ன பதில் வருகிறது, யார் சொல்கிறார்கள், எவ்வளவு நேரத்தில் சொல்கிறார்கள் என்று பார்த்தால் கடையின் லட்சணம் தெரிந்துவிடும். அதிலும் முட்டைக் கேள்வி சைவக்காரர்களுக்கு மட்டுமானதில்லை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடைசெய்தது. தெலங்கானா அதற்கு முன்பே, 2024 அக்டோபர் கடைசியில் தடை போட்டிருந்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பச்சை முட்டை வழியாகப் பரவுவதுதான் காரணம். சாண்ட்விச்சில் மயோனைஸ் வேகாமல், சூடேறாமல் அப்படியே உள்ளே போகிறது. ஆகவே "இது எதில் செய்தது" என்று கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் கடைதான் எனக்கு வேண்டும்.

சாண்ட்விச்சுக்கு எதிரி தண்ணீர். தக்காளி, வெள்ளரி இரண்டையும் நறுக்கி உப்புப் போட்டால் சில நிமிஷத்தில் நீர் விடும். அந்த நீர் பிரெட்டில் இறங்கினால் கதை முடிந்தது. இதற்குத்தான் வெண்ணெய். பிரெட்டில் விளிம்பு வரை வெண்ணெய் தடவினால் அந்தக் கொழுப்பு ஈரத்தைக் கொஞ்ச நேரமாவது தடுக்கும். வெண்ணெய் ருசிக்கு மட்டும் என்று நினைத்து நடுவில் ஒரு தீற்று தீற்றிவிட்டு விடும் கடைகளில் சாண்ட்விச் ஓரத்திலிருந்தே நமுத்துவரும். சரி, ஃப்ரிட்ஜில் வைத்தால்? ஈரம் பரவுவது குறையலாம், பிரெட் வறண்டுபோகும். வெளியில் இருப்பதைவிட ஃப்ரிட்ஜ் குளிரில் பிரெட் சீக்கிரமே பழசாகும். மாவுச்சத்து அந்தக் குளிரில் வேகமாக இறுகுவதால் வரும் கோளாறு. போட்ட கைக்கும் தின்னும் வாய்க்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதுதான் இந்தப் பண்டத்தில் பாதி ருசி. இதை மனசில் வைத்துக்கொண்டுதான் கடைகளை எடைபோட்டேன்.

பேக்கரியை மறுபடி பார்க்க வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். பார்த்தேன், வேறொரு பேக்கரி. ஒன்று 45 ரூபாய். முப்பத்திரண்டுக்கு 1,440. விலையில் இதை யாரும் அடிக்க முடியாது. முட்டைக்கோஸ், கேரட், மயோனைஸ் கலந்த அதே வெள்ளைப் பூச்சு. "அஞ்சு மணிக்குப் போட்டு அஞ்சரைக்குத் தர முடியுமா?" என்றேன். "அந்த நேரத்துக்கு மாஸ்டர் இருக்க மாட்டார் சார்." நேர்மையான பதில். பஃப்ஸ், பன், தேங்காய் பிஸ்கட் வாங்க அங்கேதான் போவேன். சாண்ட்விச்சுக்கு இல்லை.

அப்புறம் சப்வே சாண்ட்விச் கடை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இளவட்டத்தின் ஓட்டு முழுக்க அதற்குத்தான். 1965-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில், பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில், ஃபிரெட் டிலூக்கா என்ற பதினேழு வயசுப் பையன் குடும்ப நண்பர் பீட்டர் பக்கிடம் ஆயிரம் டாலர் வாங்கித் தொடங்கிய கடை. இந்தியாவுக்கு 2001-இல் வந்தது. இவர்கள் செய்த பெரிய காரியம் புது ருசி எதையும் கண்டுபிடித்தது இல்லை என்பது என் எண்ணம். சமையலறையைக் கொண்டுவந்து கண்ணாடிக்குப் பின்னால், நம் கண்ணெதிரே வைத்ததுதான். எது உள்ளே போகிறது, எது போகவில்லை என்று நாம் பார்த்துக்கொண்டே நகர்கிறோம். ஜெயின் வீட்டாருக்கு இதைவிட நிம்மதி வேறென்ன? சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி இடம். என் இரண்டு கேள்விக்கும் கவுண்டரில் நின்ற பெண் தயங்காமல் பதில் சொன்னார். எந்தெந்த சாஸில் பூண்டு என்று அட்டையைப் பார்த்துச் சொன்னார். கேட்காமலே கையுறையையும் மாற்றிக்கொண்டார்.

என்னோடு வந்த பெரியப்பாவுக்குத்தான் கண்ணைக் கட்டி விட்டதுபோல் ஆகிவிட்டது. எந்த பிரெட், எத்தனை இஞ்ச், டோஸ்ட் பண்ணலாமா, சீஸ் வேண்டுமா, என்னென்ன காய், ஹலப்பினோ போடலாமா, எந்த சாஸ், மீலா தனியா? எட்டுக் கேள்வி. பெரியப்பா என் பக்கம் திரும்பி, "சாப்பிட வந்தோமா, வைவாவுக்கு வந்தோமாடா?" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "நான் நல்லதா போட்டுத் தரட்டுமா சார்?" என்று கேட்டுப் போட்டுக் கொடுத்தார். பெரியப்பா முழுசாகச் சாப்பிட்டார். சாஸ் இனிக்கிறது என்று மட்டும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

இனிப்பு என்றதும் ஒரு வேடிக்கையான வழக்கு ஞாபகம் வருகிறது. 2020-இல் அயர்லாந்து உச்ச நீதிமன்றம், அங்கே சப்வேயில் தரும் ரொட்டி, வரிச் சட்டத்தின்படி 'ரொட்டி' என்ற வகையில் சேராது என்று தீர்ப்புச் சொன்னது. மாவு எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். இதில் பத்து சதவீதம் இருந்தது. வரிவிலக்குக் கேட்டுப் போன கிளைக்காரருக்கு விலக்குக் கிடைக்கவில்லை. அது அயர்லாந்து ரொட்டி, அயர்லாந்துச் சட்டம், நம்மூர்க் கணக்குக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் எங்கள் சர்க்கரைக்காரர்கள் காதில் இதைப் போட்டுவைத்தேன். ஒருவர் உடனே, "அப்ப எனக்கு சமோசாவே வாங்கிடு" என்றார்.

கணக்கு என்ன ஆகிறது? ஆறு அங்குல சைவ சாண்ட்விச் அன்றைக்கு ஏறக்குறைய 230 ரூபாய். ஆளுக்கு ஒன்று என்றால் 7,360, பட்ஜெட்டைத் தாண்டிவிடும். ஆளுக்குப் பாதி என்றால் 3,680. ஆனால் கூட்டத்தில் வளர்ந்த மனிதர் ஒருவருக்கு மூன்று அங்குலத்தை நீட்டினால், வரவுசெலவை வாசிக்கும்போது அவர் என்னை என்னென்ன கேள்வி கேட்பார் என்று எனக்குத் தெரியும். தவிர, கண்ணெதிரே போட்டுக் கொடுப்பதுதான் அந்தக் கடையின் பலம். முப்பத்திரண்டைப் பொட்டலம் கட்டி வண்டியில் ஏற்றினால் அந்தப் பலம் கடை வாசலோடு நின்றுவிடும். சூடாக்கிச் சுற்றிய ரொட்டி தன் ஆவியிலேயே வெந்து, வீடு வந்து சேரும்போது மொறுமொறுப்பு இருக்காது. நாலு பேர் நேரில் போய்ச் சாப்பிடுவதென்றால் நானும் அங்கேதான் போகச் சொல்வேன்.

மூன்றாவது, ஒரு மால் கஃபே. பெயர் வேண்டாம். நல்ல சோபா, மெல்லிய பாட்டு, சிமென்ட் நிறச் சுவர். சாண்ட்விச் 320 ரூபாய், கூட ஒரு கை உருளை சிப்ஸ். முட்டைக் கேள்வியைக் கேட்டதும் பரிமாறிய தம்பி "கேட்டுட்டு வரேன் சார்" என்று உள்ளே போனார். வரவில்லை. சாண்ட்விச் வந்தது. பாதி சாப்பிட்ட பிறகு வேறொருவர் வந்து, "சார், அது நார்மல் மயோனைஸ்தான்" என்றார். நார்மல் என்றால் முட்டையோடா, முட்டையில்லாமலா? "நார்மல் சார்." அதற்கு மேல் கேட்க எனக்கே வெட்கமாகிவிட்டது.

பில்லில் சேவைக் கட்டணம் பத்து சதவீதம் தானாகவே ஏறியிருந்தது. அதற்கு மேலே ஜிஎஸ்டி ஐந்து சதவீதம். ஜிஎஸ்டி வரி, கொடுத்தே ஆக வேண்டும். சேவைக் கட்டணம் அப்படி இல்லை. அதைத் தானாக பில்லில் ஏற்றக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. "எடுத்துடுங்க" என்று சொன்னால் எடுத்துவிட வேண்டியதுதான், எடுக்காவிட்டால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். நான் சொன்னேன், எடுத்தார்கள். ஆனால் மானேஜர் வந்து, வேறொரு பில் அடித்து, அதை மேஜையில் வைத்த விதம் இருக்கிறதே, அதற்குப் பத்து சதவீதம் கொடுத்தே தொலைத்திருக்கலாம். கஃபேவைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

வீட்டிலேயே செய்துவிட்டால் என்ன என்றும் ஒரு யோசனை வந்தது. 400 கிராம் பாக்கெட்டில் ஓரத் துண்டுகளைத் தள்ளினால் ஏழெட்டு சாண்ட்விச்தான் தேறும். ஐந்து பாக்கெட், ஒன்றரைக் கிலோ உருளைக்கிழங்கு, சட்னிக்கு நாலு கட்டு மல்லி, வெண்ணெய் அரைக் கிலோ. ஆயிரம் ரூபாய் ஆகாது. இதை ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக மனைவியிடம் சொன்னேன். "சங்கத்துக்குப் பொருளாளர் நீங்களா, நானா?" என்று ஒரே கேள்வி. அந்தப் பக்கம் அத்தோடு மூடிவிட்டது.

கடைசியாகத்தான் சௌகார்பேட்டை போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். புரசைவாக்கத்திலிருந்து மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் அந்த நெரிசலை நினைத்தால் கால் வராது. மின்ட் ஸ்ட்ரீட், தமிழில் தங்கசாலைத் தெரு. காக்கடா ராம்பிரசாத்தில் ஜிலேபியும் பாதாம் பாலும் முடித்தவர்கள் அப்படியே நகர்ந்து சாண்ட்விச் வண்டிகளை மொய்த்துக்கொண்டிருப்பார்கள். ராஜஸ்தான், குஜராத் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம் என்பதால் அங்கே கிடைப்பது பம்பாய் சாண்ட்விச். அதோடு சௌகார்பேட்டைக்கே உரிய முறுக்கு சாண்ட்விச்சும் உண்டு.

முறுக்கு சாண்ட்விச் பற்றி நான் நடுநிலையாகப் பேச முடியாது. நான் சேலத்துக்காரன். பிரெட்டே இல்லாமல், தட்டை போன்ற இரண்டு வட்ட முறுக்குக்கு நடுவில் பச்சைச் சட்னி, வெங்காயம், தக்காளி, வெள்ளரி, மேலே மசாலாத் தூள். எங்கள் ஊரில் இதன் அண்ணனோ தம்பியோ ஒருவன் இருக்கிறான், தட்டுவடை செட் என்று பெயர். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், சிவப்புச் சட்னி ஒரு பக்கம், பச்சைச் சட்னி மறு பக்கம். யாரைப் பார்த்து யார் செய்தார்கள் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே விதி: போட்ட கையோடு வாயில் போட வேண்டும். மூன்று நிமிஷம் விட்டால் அடியிலிருக்கும் தட்டை நமுத்து, கடித்தால் முறியாமல் வளையும். பொட்டலம் கட்டிக்கொடு என்று கேட்டவரிடம் வண்டிக்காரர் ஒருவர், "முறுக்கு தனியா, சட்னி தனியா, காய் தனியா தரேன், வீட்ல போட்டுக்குங்க" என்று சொல்லி மூன்று பொட்டலமாகக் கட்டிக் கொடுத்ததைப் பார்த்தேன். விற்றால் போதும் என்று நினைப்பவர் அப்படிச் செய்ய மாட்டார்.

நான் நின்றது அதற்குப் பக்கத்து டோஸ்ட் வண்டியில். கண்ணாடிப் பெட்டி, வேகவைத்து வட்டமாக நறுக்கிய உருளைக்கிழங்கு ஒரு தட்டில், பீட்ரூட் ஒரு தட்டில், வெள்ளரி, தக்காளி, வெங்காயம் வேறு வேறு தட்டில். எல்லாவற்றின் மேலும் ஈரத் துணி. அவர் போடுவதை போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். இரண்டு துண்டு பிரெட், நாலு ஓரமும் நறுக்கென்று வெட்டித் தள்ளினார். வெண்ணெய், விளிம்பு வரை, மூலை வரை, ஒரு இடம் விடாமல். அதன் மேல்தான் பச்சைச் சட்னி. உருளை மூன்று வட்டம், மசாலாத் தூள். பீட்ரூட், மறுபடி தூள். வெள்ளரி, தக்காளி, வெங்காயம், மறுபடி தூள். உப்பு எங்கே என்று கேட்டேன். "மசாலாலயே இருக்கு அண்ணா. முன்னாடியே போட்டா காய் தண்ணி விட்ரும்." நான் மேலே நீட்டி முழக்கிய சங்கதி முழுவதையும் அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

மூடி, நீண்ட இரண்டு கைப்பிடியுள்ள அலுமினிய அச்சில் வைத்து, வெளிப்பக்கமும் வெண்ணெய் தடவி, கேஸ் அடுப்பில் வைத்தார். திருப்பிப் போடும் நேரத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை. அடுத்தவருக்கு பிரெட் வெட்டிக்கொண்டே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெண்ணெய் பொரியும் சத்தம் அடங்குகிற நேரம் கை தானாகப் போய்த் திருப்பியது. எடுத்து ஆறு துண்டாக வெட்டி, மேலே இன்னொரு தடவை வெண்ணெய், ஓமப்பொடி ஒரு கை. நாலு நிமிஷம். 80 ரூபாய். ஓரம் முறுமுறுவென்று, நடுவில் உருளை சூடாக, வெள்ளரி மட்டும் இன்னும் குளிர்ச்சியாக. நான் அங்கேயே இன்னொன்று சொன்னேன்.

சுத்தம் எப்படி என்று கேட்பீர்கள். எனக்கும் அதுதான் கவலை. பெட்டிக் கண்ணாடியின் உள்பக்கம் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று ஒட்டியிருந்தது, 14 இலக்க எண்ணோடு. சிறு வண்டிக்காரர்கள்கூட இதை வாங்க வேண்டும் என்பது சட்டம், பெரிய செலவில்லை. கையுறை கிடையாது. ஆனால் பணம் வாங்கியது அவர் இல்லை, பக்கத்தில் நின்ற பையன். காசு தொட்ட கையால் பிரெட் தொடாத வண்டி என்றால் எனக்குப் பாதி பயம் போய்விடும். அச்சடித்த செய்தித்தாளில் உணவை வைத்துத் தரக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் பலமுறை சொல்லியும் பல வண்டிகளில் இன்னும் அதுதான் ஓடுகிறது. இவர் பாக்குமட்டைத் தட்டில் கொடுத்தார். மயோனைஸ்? "அது நம்ம கிட்ட இல்லண்ணா" என்று கேள்வியையே இல்லாமல் ஆக்கிவிட்டார். குறை ஒன்று உண்டு. கேன் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்று கேட்டதற்குக் கேன் என்றார், கேனும் இருந்தது, ஆனால் கத்தியைக் கழுவிய வாளியில் காலையிலிருந்து எத்தனை கத்தி முங்கியதோ. அதை மனசில் குறித்துக்கொண்டேன்.

நடுவில், உணவுச் செயலிகளில் வாடிக்கையாளர்கள் எழுதுவதைப் படித்து முடிவு செய்யலாமே என்று செயலாளர் ஒரு பட்டியலை அனுப்பினார். படித்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர் "சூப்பர்" என்கிறார். ஒரு நட்சத்திரம் கொடுப்பவர் பெரும்பாலும் டெலிவரி தம்பி தாமதமாக வந்ததற்குக் கடையைத் திட்டுகிறார். உபயோகமானவை நடுவில் இருக்கின்றன, மூன்று நட்சத்திரம். "நேரில் சாப்பிட்டால் நன்றாக இருக்கிறது, வீட்டுக்கு வரும்போது நமுத்துவிட்டது" என்பது அங்கேதான் இருக்கும். அப்புறம் வாடிக்கையாளர் எடுத்த படம். கடைக்காரர் படத்தில் எல்லா சாண்ட்விச்சும் நிமிர்ந்து நிற்கும். வாடிக்கையாளர் படத்தில் அது பெட்டிக்குள் எப்படிப் படுத்திருக்கிறது என்று தெரியும். ஒரே கடையின் நேரில் சாப்பிட்டவர் பேச்சையும் பார்சல் வாங்கியவர் பேச்சையும் பிரித்துப் படித்தபோது, அவை இரண்டு வேறு கடைகளைப் பற்றியவை போல இருந்தன.

ஆக, யாரிடம் வாங்கினாலும் வண்டியேறி வரும்போது கெட்டுவிடுகிறது. அப்படியானால் சாண்ட்விச்சை ஏன் கொண்டுவர வேண்டும், போடுகிறவரையே கொண்டுவந்துவிட்டால் என்ன? டோஸ்ட் வண்டிக்காரரிடம் மறுபடி போனேன். கல்யாண வீட்டுக்கெல்லாம் போய்ப் போட்டுக் கொடுப்பாராம். ஒன்றுக்கு அதே 80, வந்துபோக, உதவிக்கு ஆளோடு, 800 ரூபாய். மொத்தம் 3,360. சப்வேயில் ஆளுக்கு மூன்று அங்குலம் வாங்குவதைவிடக் குறைவு. கல்லூரிப் பையன்கள் மூவருக்கும் கோழி சாண்ட்விச் தனியாக வாங்கிக் கொடுத்தாலும் ஐயாயிரத்துக்குள் மிச்சம் இருக்கும்.

இதிலும் இடிக்கிற இடம் உண்டு. அவரிடம் மூன்று அச்சு. ஒரு சுற்றுக்கு நாலு நிமிஷம் என்றால் முப்பத்திரண்டு போட்டு முடிக்க முக்கால் மணி. முதல் ஆள் தின்று கை கழுவி வந்த பிறகும் கடைசி ஆள் வரிசையில் நிற்பார். பேக்கரிப் பெட்டியில் இந்தத் தொல்லை இல்லை, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி நமுத்தது கிடைக்கும். செயலாளருக்கு இந்த வரிசை விஷயம் பிடிக்கவில்லை. "கூட்டமா, பந்தியா?" என்கிறார். ஐப்பசி மழை வந்தால் அடுப்பை எங்கே வைப்பது என்பதும் அவர் கேள்வி. கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு வண்டியை அன்றைக்கு வெளியே எடுத்துவிட்டால் கூரைக்குக் கீழேயே போடலாம். அந்த இரண்டில் ஒன்று செயலாளருடையது, அதனால் பேச்சு இன்னும் முடியவில்லை.

முன்பணம் ஐந்நூறு கொடுக்கப் போனபோது என் பட்டியலை எடுத்தேன். என்னென்ன வேண்டும் என்று அவரே முந்திக்கொண்டார். "மேஜை ஒண்ணு, குடிக்கிற தண்ணி ரெண்டு கேன், கை கழுவ வாளி ஒண்ணு. கரண்ட் வேண்டாம்." கத்தி கழுவத் தனி வாளி நானே வைக்கிறேன் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார், சரி என்றார். பிறகு நோட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, "ஜெயின் எத்தனை பேர் அண்ணா?" என்று கேட்டார். மூன்று வாரமாக நான் கடை கடையாகக் கொண்டுபோன கேள்வி, அன்றைக்குத்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. ஆறு என்றேன். "அவங்களுக்கு உருளைக்கு பதிலா வாழைக்காய். முதல்ல அவங்களுக்குப் போட்டுடறேன், அச்சு சுத்தமா இருக்கும்போதே."

வரிசையில் நிற்பவர்கள் வாய் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காகத் தட்டுவடை வைக்கலாம் என்று ஒரு யோசனை. சேலத்தில் அம்மாவுக்கு போன் பண்ணி நூறு தட்டுவடை சொல்லியிருக்கிறேன், ஒரு டப்பா மட்டும் பூண்டு இல்லாமல். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "பூண்டு இல்லாத தட்டுவடையை எவன்டா திம்பான்?" என்றார். மூன்றாம் மாடிப் பாட்டி என்றேன். சரி, போட்டு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.